ரதியைத் தேடிப் போன கூட்டம்

அன்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் காம்பரா அறையில் இருந்தவர்கள்: நான். பக்கத்துக் காம்பரா அக்கா. அவள் புருஷன், அவர்தான் எங்களை வேலை வாங்கும் கங்காணி. வேனில் லயம் லயமாகச் சேலை விற்கும் பதுளை முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா. இல்லாதவர் என் வீட்டுக்காரர்.

முந்தின நாள் காலை மண்வெட்டிக்குப் பிடி வாங்கப் பதுளைக்குப் போனவர். வரவில்லை. அவருக்குப் போன் போட்டால் ஒரு பொம்பளை சிங்களத்தில் பேசினாள்.

"யாருடி அவ?" என்றாள் அக்கா.

"கம்பெனிக்காரி. போன் ஆஃப்ன்னு சொல்றா."

"குடிச்சிட்டு எங்கயாவது படுத்திருப்பான்," என்றார் கங்காணி.

"அவரு குடிக்கிறதே ஒங்களோடதாங்க. நீங்க இங்க இருக்கீங்களே."

கங்காணி எழுந்து வாசலில் போய் ரோட்டைப் பார்த்தார்.

நானாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். வேனிலேயே என்னைப் பொலிசுக்குக் கூட்டிப் போனார். போட்டோ கேட்டார்கள். அடையாள அட்டை என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலேயே போய்விட்டது. கல்யாணப் படம் கூரை ஒழுகி நனைந்து, மிஞ்சியது என் தலை மட்டும். கூட வந்த அக்காவின் போனில் ஒன்று இருந்தது. மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவோம். காமன் எரிந்ததும் அவன் பெண்டாட்டி ரதி அழவேண்டும். ஆம்பிளைதான் ரதி வேஷம் கட்டுவது. இந்த வருஷம் என் வீட்டுக்காரர். படத்தில் சேலை, பூ, உதட்டுச் சாயம் எல்லாம் உண்டு.

பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காணாமல் போனது புருஷனா, தங்கச்சியா என்று கேட்டார்.

"புருஷன்தாங்க. மீசை எடுத்திருக்கு," என்றேன். நானா சிரிக்காமல் அதைச் சிங்களத்தில் சொன்னார்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி கத்தினார்: "தேடப் போறவங்க இந்தப் பக்கம் வாங்க. இன்னைக்குப் பேரு விழாது, சொல்லிப்புட்டேன்." பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆம்பிளையும் பொம்பளையுமாகக் கொழுந்துக் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

நானாவின் வேனில் நெருக்கியடித்துப் போய், பதுளை பஸ் ஸ்டாண்டில் படத்தைக் காட்டினோம். ஒருவன் விசில் அடித்தான். அக்கா செருப்பைக் கழற்றினாள். அவன் ஓடிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுப் பொம்பளை வார்டுக்கு அனுப்பினார். பிண அறைக்கும் அந்த நடையில்தான் போகவேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டில் கட்டிலாகப் பார்த்தோம். நோயாளி ஒருத்தி, "பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றாள். நானா விஷயத்தை விளக்கினார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஆம்பிளை வார்டைக் காட்டினாள்.

அங்கே இருந்தார். தலையில் கட்டு. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாராம். போனும் அட்டையும் அங்கேயே தொலைந்துவிட்டன. நேற்று முழுக்கத் தன் பெயரே சொல்லத் தெரியவில்லையாம். என்னைப் பார்த்ததும் தெரிந்தது.

"ஏன்டி இத்தன பேரு? எழவு வீடா?"

"இன்னும் இல்ல," என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்டாட்டியும் கூடப் பிறந்தவர்களும் மட்டும் நிற்கலாம், மற்றவர்கள் வெளியே என்றாள் அந்த வார்டு நர்ஸ்.

"நான் அண்ணன்," என்றார் கங்காணி.

"நானும் அண்ணன்தான்," என்றார் நானா. நர்ஸ் அவர் தொப்பியைப் பார்த்தாள்.

"நான் அக்கா." "நான் தம்பிங்க." "நாங்க ரெண்டு பேரும் தங்கச்சி."

ஒருத்தரும் வெளியே போகவில்லை. என் வீட்டுக்காரர் ஒற்றைப் பிள்ளை. நர்ஸ் விரலை நீட்டிக் கூடப் பிறந்தவர்களை எண்ணினாள்.

பதினேழு.