கம்பவுண்டர் கொலை செய்யவில்லை

நான் பாதி படித்திருக்கும் துப்பறியும் நாவலில் கொலையைச் செய்தது கம்பவுண்டர் இல்லை. தகவல் தந்தவர், இன்று காலை கீரமங்கலம் பஸ்ஸில் என் பையை மடியில் வாங்கிக்கொண்ட பெண். ஆலங்குடியில் தையல் கடை வைத்திருக்கிறார்.

நான் நின்றுகொண்டு வந்தேன். பையில் சமீபத்தில் வாங்கிய மூன்று புத்தகங்கள் இருந்தன. "பாக்கலாமாங்க?" என்று கேட்டுவிட்டு எடுத்தார்.

கவிதைத் தொகுப்பைப் புரட்டினார். "எடம் நெறைய விட்டுருக்காங்க" என்றார். எனக்கும் அதில் அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

ஏரிகளைப் பற்றிய கட்டுரை நூல் எனக்குப் பிடித்திருந்தது. அவர் படங்களை மட்டும் பார்த்தார்.

"இங்கிட்டு உள்ள கம்மாயெல்லாம் போடலையா?"

போடவில்லை. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

நாவலைக் கடைசிப் பக்கத்தில் பிரித்தார். "முடிவு தெரிஞ்சாத்தாங்க நிம்மதியா படிக்க முடியும். நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

"கம்பவுண்டர்."

"அவரு பாவங்க."

நாவலுக்கு நான் எழுதிவரும் மதிப்புரையில், முடிவை முதலிலேயே ஊகித்துவிடலாம் என்று ஒரு வரி இருக்கிறது.

ஆலங்குடி வந்தது. "வெள்ளிக்கெழம இதே பஸ்ல கொண்டாந்து தாரேங்க" என்றார். தலையாட்டிவிட்டேன். நாவலோடு இறங்கிப் போனார்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி எழுதும் வழக்கம் எனக்கில்லை. அதனால் மதிப்புரையில் அந்த வரியை இன்னும் நீக்கவில்லை.

மதிப்புரையைச் சனிக்கிழமை அனுப்ப வேண்டும். கொலையாளி யார் என்பது வெள்ளிக்கிழமை காலை தெரியவரும். நாவலைப் படித்தவர்கள் கொலையாளியின் பெயரைச் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் பக்கத்தை மாற்றிப் படித்திருக்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.