வெறும் வயிற்றுப் பாட்டு

நேற்று பண்டாரவளையில் ஒரு கல்யாண வீட்டில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பாச்சை உருண்டை வாசனை, கொஸ்லந்தையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே இருந்த மாதா கோயிலுக்கு என்னை இழுத்துப் போனது. மண்சரிவுக்குப் பிறகு இப்போது அங்கே லயமும் இல்லை, கோயிலும் இல்லை.

மாவுத் தட்டுப்பாடு இருந்த காலம். சனிக்கிழமை பாட்டுப் பழக வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு பாண் ரொட்டி கிடைக்கும் என்பதால் கோயில் நிறைந்துவிடும். பாட்டுச் சொல்லித்தரும் கோயில் உபதேசியாரோ ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே, யார் பாட வந்தது, யார் தின்ன வந்தது என்று முகம் முகமாகத் துழாவுவார். அம்மாவின் சந்தேகம் வேறு. தம்பிக்கென்று கொண்டுவரும் துண்டை வழியில் கடித்தேனா என்று, வாசலிலேயே ஊதச் சொல்லி என் வாயை மோந்து பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை பெரகலை பேக்கரியிலிருந்து பாண் வரவில்லை. எல்லாரும் கலைந்த பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பாண் வராதுடி, வீட்டுக்குப் போ," என்றார் உபதேசியார்.

"தெரியும்ங்க. அந்தக் கடைசிப் பாட்ட இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தார். ஆனால் பாண் அலமாரிச் சாவியை மடியில் செருகிக்கொண்டுதான் வாசித்தார்.

வீட்டில் அம்மா மோந்து பார்த்தாள். "வாசமே இல்ல. இம்புட்டு நேரம் என்னாடி செஞ்ச?"

"பாடுனேம்மா."

"வெறும் வயித்துல எவடி பாடுவா?"

பாட்டில் பசி ஒன்றும் மறக்கவில்லை. பசியோடும் பாட முடிகிறது என்று தெரிந்தது, அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டு, கல்யாண வீடுகளில் வாசித்துப் பாடும் இந்தப் பிழைப்புக்கு வந்தேன்.

நேற்றும் கல்யாண வீட்டுக்காரர், "மொதல்ல சாப்பிடுங்க," என்றார்.

"வாசிச்சிட்டுச் சாப்பிடுறேங்க," என்றேன். எந்த ஊரிலும் அப்படித்தான். பாடவா, தின்னவா, நான் எதற்கு வந்தேன் என்று எனக்கே இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.