பெர்ச்சுமா

மலாய் மொழியில் ‘பெர்ச்சுமா’ என்றால் இலவசம். வீண் என்பதற்கும் அதே சொல்தான். எல்ஸி இரண்டாவது அர்த்தத்தைத்தான் முதலில் கற்றாள். 1972இல் லகாட் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அவளுடைய அப்பா லூர்துசாமி வேலை கேட்டு ஆபீஸ் வாசலில் ஒரு வாரம் நின்றார். தோட்டத்தை வாங்கியவரின் ஆள் வெளியே வந்து, “பெர்ச்சுமா” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டான். அப்பாவுக்கு அதற்குப் பிறகு வேலையே கிடைக்கவில்லை.

பதினாறு வருஷம் கழித்து அதே சொல் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

ஜெலாப்பாங் செருப்புத் தொழிற்சாலை ஆபீஸில் டைப்பிஸ்டுகள் இரண்டு பேர், எல்ஸியும் ரோசரியும். ரோசரி வயதில் சிறியவள், விரலில் வேகக்காரி. கம்ப்யூட்டரில் இருந்த கடித புரோகிராம் யாரிடமோ சுட்ட நகல். திருட்டு நகல்களுக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்து சோதனை நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் மானேஜர் ஜெயபாலன் அதை அழிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கிளப்பிலிருந்து வேறொரு கடித புரோகிராம் இருந்த டிஸ்கெட்டை வாங்கி வந்தார்.

“இத யார் வேணும்னாலும் நகல் எடுக்கலாம், மாத்தி எழுதிக்கலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான். பெர்ச்சுமாலா!” என்று அந்த ஊர் ‘லா’வையும் ஒட்டிச் சொன்னவர், போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்தார். “இது பழகிட்டா ஒரு டைப்பிஸ்ட் போதும். மாசக் கடைசில பாப்போம்.”

யார் அந்த ஒருத்தி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது எல்ஸி அன்றைக்குக் கொஞ்சம் சோறு தின்றிருப்பாள்.

பழைய கடிதங்களைப் புது புரோகிராமில் திறந்தபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் கொம்பும் வாலும் முளைத்த ஏதோ ஒன்று நின்றது. மூன்று வருஷக் கடிதங்களும் அப்படியே. தான்தான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். மறைக்க வழியில்லாமல் மானேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

“ரெண்டு பேரும் உக்காந்து கையால திருத்துங்க. முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க” என்றார்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், டிஸ்கெட்டில் இன்னொரு சின்ன புரோகிராம் இருப்பதை எல்ஸி கண்டுபிடித்தாள். ஒரு கடிதத்தில் ஓட்டிப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் கடிதம் சுத்தமாகிவிட்டது. அரை நாளில் மூன்று வருஷக் கடிதங்களையும் முடித்துவிடலாம். அப்புறம் ஒருத்திக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். அந்த ஒருத்தி தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

திரையை அவசரமாக அணைத்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் ரோசரி தேநீர்க் குவளையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

எல்ஸி அவளிடம் பேச வாயெடுத்தாள். அதற்குள், “ரோசரி, இங்க வா” என்று மானேஜர் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

எல்ஸி இருந்த இடத்திலிருந்தே உள்ளே காது கொடுத்தாள். ரோசரி சொன்னால் போதும், அவள் கெட்டிக்காரி, அவள் வேலை நிலைத்துவிடும். அவள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எல்ஸி யோசித்தாள். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றியது, வெட்கமாக இருந்தது. கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

“சீக்கிரம் முடிக்க வேற வழி ஏதாவது இருக்கா?”

“இல்ல சார். ஒவ்வொண்ணா கையாலதான் திருத்தணும்.”

“எத்தன நாளாகும்?”

“நாலு மாசமாச்சும் ஆகும் சார்.”

ரோசரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த கடிதத்தைத் திறந்து முதல் சொல்லைக் கையால் திருத்தினாள்.

“அக்கா,” என்றாள் திரையைப் பார்த்தபடியே, “கொஞ்சம் மெதுவா அடிங்கலா.”