பச்சையம்மாள் வண்டிக்கு ஊற்றிய லூஸ் ஆயில்

1. இரண்டு சரக்கு

அந்த டிராக்டரின் பின்பக்க ஹவுசிங்கைத் திறந்தபோது உள்ளே ஆயில் மோர் நிறத்தில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பேனர் பிடித்தவன் நான். உடைந்த பிஸ்டன், பல் போன கியர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதை மட்டும் மறக்க முடியவில்லை. அந்த ஆயிலை ஊற்றச் சொன்னவன் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பெரம்பலூரில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. பின்னால் மாட்டுகிற கல்டிவேட்டர் கலப்பையைத் தூக்கி இறக்குவது ஹைட்ராலிக் லிஃப்ட். அதற்கு உயிர் ஆயில்தான். ஆயில் சரியில்லை என்றால் கலப்பை மண்ணை விட்டு எழும்பாது. கலப்பையைத் தூக்காத டிராக்டர் வயலில் தெண்டச்சோறு.

முதலாளி இரண்டு சரக்கு வைத்திருந்தார். ஒன்று சீல் வைத்த டின்னில் வரும் கம்பெனி ஆயில். இன்னொன்று திருச்சியிலிருந்து பேரலில் வரும் லூஸ் ஆயில். லூஸ் பாதி விலைதான். யார் கேட்டாலும் கம்பெனி ஆயிலைத்தான் சொல்ல வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. விற்கிற டின்னுக்கு ஏற்றபடி கம்பெனிக்காரன் அவருக்குப் பரிசு கொடுப்பான். எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கிய கடிகாரம்கூட அப்படி வந்ததுதான்.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், பாவப்பட்ட ஆட்கள் வந்தால் ஓரமாகக் கூப்பிட்டு, லூஸே போதும் என்று காதோடு சொல்லிவிடுவேன். முதலாளி பேராசைக்காரர், நான் யோக்கியன். இதுதான் என் கணக்கு. அவர் சொல்வதற்கு எதிராகச் சொன்னாலே அது நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேராசைக்காரன் சொன்னாலும் சரியானது சரிதான் என்கிற புத்தி அப்போது இல்லை.

2. ஆறின ஆயில்

குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பச்சையம்மாள் வந்தாள். மழைக்கு முன்னால் வண்டியை சர்வீஸ் செய்ய வேண்டும். பேங்க் லோனில் அவள் வீட்டுக்காரர் வாங்கிய வண்டி. வாங்கி ஒரு வருஷத்துக்குள் அவர் கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். டிரைவர் வைத்து இவளே வண்டியை நடத்திக்கொண்டிருந்தாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை, வண்டியை எங்களிடம் விடு என்று கணவரின் அண்ணன் வீட்டில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"அண்ணே, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க எத ஊத்தச் சொல்றீங்களோ அத ஊத்திக்கிறேன்" என்றாள்.

அவள் காதைப் பார்த்தேன். தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். எனக்கு இரக்கம் வந்துவிட்டது.

"லூஸே போதும்மா. ரெண்டும் ஒரே சரக்குதான். டின்னுக்குத்தான் காசு."

காலை ஏழு மணிக்குப் பழைய ஆயிலை இறக்கி லூஸை ஊற்றினோம். ஸ்டார்ட் செய்து கல்டிவேட்டரைத் தூக்கிக் காட்டினேன். தூக்கிய இடத்திலேயே நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆயில் அப்போது ஆறிக் கிடந்தது. ஆறின ஆயில் எதையும் தூக்கும். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் துளைக்கு மூடி இல்லாமல் துணியைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அதையும் பார்த்தேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

3. ஈரச் சாக்கு

புரட்டாசியில் நல்ல மழை. அது வானம் பார்த்த கரிசல் பூமி. மழைக்குப் பிறகு நாலைந்து நாள்தான் பதம். அதற்குள் உழுது பருத்தி விதைத்தாக வேண்டும், விட்டால் அந்த வருஷம் போச்சு. பச்சையம்மாள் தன் நிலத்தோடு, மாடு இல்லாத அக்கம்பக்கத்தாரின் நிலத்தையும் ஓட்டித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். அந்த உழவுக்கூலியில்தான் பேங்க் தவணை கட்ட வேண்டும்.

உழவு தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம் காலில் சேறு காயாமல் பஸ் ஏறி வந்து நின்றாள். காலையில் லிஃப்ட் நன்றாகத் தூக்குகிறது, பத்து மணிக்கு மேல் தூக்க மாட்டேன் என்கிறது என்றாள். சூடேறினால் அந்த ஆயில் தண்ணீராக இளகுகிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. 'நான் சொன்னது தப்பு, இதை இறக்கிவிட்டுக் கம்பெனி ஆயில் ஊற்றுவோம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் முதலாளி நின்றார். அவர் முன்னால் ஒத்துக்கொள்ள என் வீம்பு விடவில்லை. ஹவுசிங் மேல் ஈரச் சாக்கைப் போடு, சூடு தணியும் என்று சொல்லி அனுப்பினேன். வேதவாக்காகக் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனாள்.

நாலாம் நாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பாதி உழுத வயலில், கலப்பை மண்ணில் புதைந்தபடி வண்டி நிற்கிறது. ஈரச் சாக்குதான் சொன்னேன். சாக்கு காயக் காய அவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது டிப் ஸ்டிக் துளையில் செருகியிருந்த துணி வழியாக உள்ளே இறங்கி ஆயிலை மோராக்கிவிட்டது. லிஃப்ட்டுக்கு ஆயிலைத் தள்ளுகிற பம்ப் ஜாம். புது பம்ப் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும்.

உழவுக்குக் காத்திருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பச்சையம்மாளின் கணவருடைய அண்ணனும் வந்துவிட்டார். ஹவுசிங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"யாரு இந்த ஆயில ஊத்தச் சொன்னது?"

நான் குனிந்து, கையிலிருந்த ஆயில் வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் கழுவினேன்.

"நான்தான் மாமா" என்றாள் பச்சையம்மாள். "வெல கம்மியா இருக்குன்னு நான்தான் கேட்டு வாங்குனேன்."

அத்தனை பேர் முன்னால் அவர் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. கழுவிய ஸ்ட்ரெய்னரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜாமான பம்ப்புக்கு ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க. உங்களையும் விரட்டி வுட்டுட்டாங்கன்னா வண்டிய யாருண்ணே பாப்பாங்க? பம்ப்ப மட்டும் சீக்கிரம் வர வெச்சுக் குடுங்க."

4. கம்பெனி ஆயில்

பம்ப் வர பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மண் வெடித்துவிட்டது. அந்த வருஷம் அவள் நிலத்தில் ஒரு செடி இல்லை. தவணை நின்றது. பேங்க் ஆட்கள் இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள். கடைசியில் கடனைத் தாங்கள் கட்டிக்கொள்வதாகச் சொல்லி வண்டியைக் கணவரின் அண்ணன் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுவருஷம் அதே வண்டியை அந்த அண்ணன் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். பச்சையம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கூலிக்குக் களை வெட்டப் போகிறாள் என்றார் அவர். அப்புறம் சொன்னார்:

"கம்பெனி ஆயிலே ஊத்துப்பா. அந்தப் பொம்பள பண்ணுன கூத்த நீயும் பண்ணிப்புடாத."

"சரிங்க" என்றேன். சீலை உடைத்து ஊற்றினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். லிஃப்ட்டைக் காலையில் தூக்கிப் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓட்டி, சூட்டில் தூக்கிப் பாருங்கள். லூஸ் எல்லாம் மோசமும் இல்லை, டின் எல்லாம் உசத்தியும் இல்லை. உங்களுக்குத் தெரியாத ஆயிலைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஏழை என்று இரக்கப்பட்டால் உங்கள் கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆயிலில் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வான். நான் சொல்ல வந்தது வேறு. யார் ஊற்றச் சொன்னது என்று கேட்டால், நான்தான் என்று உடனே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும், இருக்கிறதிலேயே நாதியற்ற ஆள் முந்திக்கொண்டு அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அப்புறம் நீங்கள் எத்தனை வண்டியை ரிப்பேர் பார்த்தாலும் அதை இறக்கி வைக்க முடியாது.