முத்தையா அண்ணாச்சி வைத்த ஆறரை மணி

போன வெள்ளிக்கிழமை இலஞ்சி முருகன் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தபோது பூக்காரி சொன்னாள்: "யக்கா, போன் அண்ணாச்சி போயிட்டாவளாம். காலையில நெஞ்சுவலின்னாவளாம்." மூன்றாவது சுற்றை நான் முடிக்கவில்லை. சாமி முகத்தைப் பார்க்கக் கூசியது.

முத்தையா அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். தென்காசியில் அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைத்துக் கொடுத்தவர். அமெரிக்காவில் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அதற்கு முந்தின நாள், சொந்தக்காரர்கள் அங்கே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் வந்து, போனிலும் வாசல் கேமராவிலும் நேரங்களைத் திருத்திவிட்டுப் போவார். காபி நீட்டினால், "மொதல்ல மிஷினு, பொறவு காபி" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் அமெரிக்காவில் என் தம்பி மகளுக்குப் பேர் வைக்கிறார்கள். அங்கே காலை ஒன்பது மணி. அத்தை நான்தான் முதலில் அவள் காதில் பேரைச் சொல்ல வேண்டும். போக முடியாததால் போன் வழியாக. தினமும் சாயங்காலப் பூஜை வேளையில், ஏழரை வரை, போனில் சத்தம் வராமல் வைக்கச் சொன்னவளும் நான்தான்.

"தங்கச்சி, நாளைக்கு அங்கன மணிய முன்ன தள்ளுதாவ. ஒம்பதுன்னா நமக்கு ஏழரை இல்ல, ஆறரை. போன் ஆறரைக்கே சத்தம் போடுத மாதிரி மாத்திட்டேன்."

"விளக்கேத்துத நேரத்துல போன் அலறவா? சாமி வச்ச நேரத்த வெள்ளக்காரன் மாத்துவானோ அண்ணாச்சி?"

"சூரியன் அங்கனயேதான் நிக்கும். கடிகாரம்தான் நவுருது. நீ ஆறரைக்கு முந்தியே, வெள்ளன விளக்க ஏத்திரு." சிரித்துக்கொண்டே போனார்.

அவர் விரல் போன வழியைப் பார்த்து வைத்திருந்தேன். அவர் தெரு முக்கைத் தாண்டுமுன் பழையபடி ஏழரையாக்கிவிட்டேன்.

மறுநாள் விளக்கு முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தேன். ஏழரைக்குப் போனை எடுத்தால் தம்பி பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான். பேரை அவன் மனைவியின் அக்கா சொல்லி முடித்திருந்தாள். "எங்கக்கா போன?" என்று அழுதான். "அண்ணாச்சி என்னத்தையோ மாத்திக் கெடுத்துட்டாவலே" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். எங்கள் வீட்டுப் பஜனைக்கு வந்தவர்களிடம் யோசித்தே சொன்னேன்.

அவர்களே அண்ணாச்சியை வரவழைத்தார்கள். போனைப் பார்த்தார்; அதில் ஏழரை என்றிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள். "நான்தான் சரியாப் பாக்கல போல. மன்னிச்சிரு தங்கச்சி" என்றார். நான் திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு நாலைந்து வீடுகளில் அவரைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்கு மட்டும் தவறாமல் வந்தார். போனைத் தொடுமுன், "மாத்தட்டுமா தங்கச்சி?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன். "ம்" என்றுதான் சொன்னேன்.

எனக்காக அவர் ஏற்றுக்கொண்ட பழி ஒன்றுதான் அவர் எனக்கு விட்டுப்போனது. அதை இனி நானே வைத்துக்கொள்கிறேன். அவரைக் கூப்பிடாமல் விட்ட வீட்டுக்காரர்களே, அண்ணாச்சி வைத்தது ஆறரை. ஏழரையாக்கியது நான்.