ஓக் மரத்தைக் கண்டுபிடித்தவர்

இரும்புலியூரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். விரல்களில் எப்போதும் அச்சு மை அப்பியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்காமல் தராசில் வைக்க மாட்டார்.

என் மகள் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒன்றை எடுத்து, பின்னாலிருந்த அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே முப்பது, நாற்பது புத்தகங்கள் இருந்தன. குழந்தைகளின் படக்கதையிலிருந்து தடித்த நாவல்வரை எல்லாவற்றின் படங்களிலும் ஒரே மரம்.

“இலைய பாருங்க டீச்சர், ஓரமெல்லாம் அலை அலையா கீது. காய்க்குத் தொப்பி வேற. கொயந்த புக்குல புள்ளைங்க ஏறி வெளையாடுது. இதுல ஒரு ஜோடி கீழ நிக்குது. இதுல கெழவர் சாஞ்சுகினு கீறாரு. இன்னா மரம் இது?”

“ஓக். குளிர் நாட்டு மரம்.”

“நீங்க பாத்துகிறீங்களா?”

“இல்லம்மா.”

“நானும் பாத்ததில்ல. ஆனா நேர்ல பாத்தா கண்டுபுடிச்சிருவேன்” என்றார்.

நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடமாக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அதன் இலை எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.