ரெக்கார்டு நம்பர் ஒன்று

அம்பாசமுத்திரத்தில் இருபது வருடம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங் கிளாஸ் நடத்தினேன். போன வருடம் அதை இழுத்து மூடிவிட்டு, மச்சினனோடு கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரத்தில் இறங்கிவிட்டேன். "பிள்ளையள் வரலையோ? இப்போ செல்போனே ப்ரோக்ராம் எழுதுதாமே?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள். அட, அதெல்லாம் இல்லை. பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான்தான் ஓடி வந்தேன். ஏன் என்று, ப்ரோக்ராமிங் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஆழ்வார்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் இசக்கி ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"அண்ணாச்சி, உங்க ஸ்டூடண்ட் எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர்ல ஒரு பொம்பளப் பேரு வருது. அந்தப் பேர்ல எங்கிட்ட பேஷண்டே கிடையாது. கவுண்டர்ல இருக்க பிள்ள பயந்துபோயி வேலைக்கு வரமாட்டேங்கா. எழுதுனவன் துபாய்ல இருக்கான், போனை எடுக்க மாட்டேங்கான். நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"என்ன பேருலே?"

"ஆ. கோமதி. வயசு முப்பத்தொம்பது."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கோமதி என் முதல் பேட்ச். முன் பெஞ்சில் முதல் ஆளாக உட்காருவாள். அவள் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் ரெக்கார்டு எழுதும் பாடத்தைப் போர்டில் போட்டேன். பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ப்ரோக்ராம். இரண்டே மாதத்தில் மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது. நோட்ஸிலிருந்து அந்தப் பெயரை நான் எடுக்கவே இல்லை. பாசமெல்லாம் கிடையாது, சுத்த சோம்பேறித்தனம். ஜெராக்ஸ் கட்டு தீர்ந்தால் அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுப்பேன். ஒவ்வொரு பேட்சும் அந்தப் பெயரை அடித்துத்தான் பழகியது.

லேபில் போய் அந்த ப்ரோக்ராமைத் திறந்தேன். என் வரிகள்தான், அச்சு அசல். பயல் என் பாடத்தை அப்படியே காப்பி அடித்து, மாதிரிக்குப் போட்ட முதல் ரெக்கார்டை அழிக்காமலே விற்றிருக்கிறான். பேஷண்டின் பெயரை அடிக்காமல் விட்டால், முதல் ரெக்கார்டில் இருக்கும் பெயரும் வயதும் ரிப்போர்ட்டில் அச்சாகிவிடும்.

"இவ்வளவுதான்டே. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

இசக்கி குரலைத் தாழ்த்தினான். "பேரு போடாண்டாம்னு சொல்லுதது ஒரே ஒரு ஆளுதான் அண்ணாச்சி. ஒருக்க கவுண்டர்ல அவரு பேரை அடிக்க மறந்துட்டு, அதுலருந்து அப்படித்தான் கேக்காரு. வியாழக்கிழமை வியாழக்கிழமை சுகர் பாக்க வாராரு. அந்தா இருக்காரு பாருங்க."

பெஞ்சில் கோமதியின் அப்பா ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். பையிலிருந்து ஒரு கட்டு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். எல்லாவற்றிலும் கோமதி. சுகர் முந்நூறு, முந்நூற்று நாற்பது.

"டாக்டர்ட்ட காட்டுனியளா?"

"அவ சீட்டை நான் எப்படி சார் காட்ட முடியும்? எம்பேரா போட்டிருக்கு?"

புண்ணிலிருந்து வாடை வந்தது. மனுஷன் தன் நோயை மகள் பெயரில் வாங்கி வாங்கிப் பையில் வைத்திருக்கிறார், கால் அழுகிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "போன மாசம் அவளுக்கு முப்பத்தொம்பது முடிஞ்சுது. அந்த வாரமே சீட்டுலயும் மாறிட்டு. நீங்கதான் மாத்துதியளோ?"

"நான் இல்லைய்யா. யாரும் மாத்தல. அது தானா கூட்டிக்கிடும்."

இருபது வருடம் வகுப்பில் சொன்ன வாக்கியம். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அதான் நானும் நினைச்சேன்" என்றார்.

மேலே விளக்க வாயெடுத்தேன். இன்றைய தேதி, பிறந்த தேதி, கழித்தல். எதைச் சொன்னாலும் அவர் நினைப்புக்குத்தான் சாட்சியாகப் போகும். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிறவளை யாரும் தொடவில்லை, அவள் பாட்டுக்கு வயது ஏறுகிறது. பட்டப்பகல், தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, ஆனால் எனக்கு ஸ்கிரீனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஐயா, அவ பேரை எடுத்தாத்தான் உங்க காலு தப்பும்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அழித்தேன். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது, கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். அவர் பெயரை அடித்து ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எத்தனை பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருப்பிய சார்?"

"ரெண்டாயிரம் பேரு இருக்கும்."

"எல்லாரும் அவ பேரை அடிச்சாவளா?"

"ஆமா."

"அப்போ இங்கன இல்லாட்டா என்ன" என்று சொல்லிச் சீட்டை மடித்துக்கொண்டு டாக்டரிடம் போனார். இரண்டு விரல் போனதோடு கால் தப்பியது.

மாதிரிக்கு எழுதும் பெயர் உயிருள்ள ஆளின் பெயராக இருக்க வேண்டாம் என்பதுதான் நான் கற்ற பாடம். எழுதினால் அன்றே அழித்துவிடுங்கள். நான் அழிக்காத பெயர் எத்தனை கடையில், எத்தனை ஆபீஸில் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது.

லேபுக்குப் போய் வந்த மறுநாள் புது பேட்ச். மார்க்கரை எடுத்துக்கொண்டு போர்டின் முன்னால் நின்றேன். ஒரு பெயரும் எழுத வரவில்லை. வகுப்பு காத்திருந்தது. முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், எம்பேரை எழுதுங்களேன்."

மார்க்கரை மூடி வைத்தேன்.